விண்ணப்பத்தில் நான் வைக்காத பக்கம்

1

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் எழுதிப் பழகியவன் இல்லை. மன்னாரில் பத்தாம் வகுப்புவரை படித்தேன். பிறகு பதினேழு வருடம் சங்கக்கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுத்தேன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒரு வசனத்தைத் தொடங்கி முடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அப்படிப்பட்டவன் அச்சில் வர நினைப்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஊரில் சஞ்சிகை நடத்தும் நண்பர் மூன்று கடிதம் போட்டுவிட்டார். "நியூசிலாந்தில் எத்தனை ஆடு, எவ்வளவு குளிர் என்று ஆரும் எழுதுவான். உன்ர வீட்டில நடக்கிறதை எழுது" என்பது அவருடைய கடைசிக் கடிதம். வீட்டில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். வாசித்தபின் என்னைப் பற்றிக் குறைவாக நினைக்க விரும்புகிறவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை. நாங்கள் ஓக்லாந்தில் வந்திறங்கி நாலு வருடம் நிறைந்த நாள். என் மனைவி றீற்றா பட்டர் கேக் செய்திருந்தாள். அவள் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலை செய்கிறாள். கிழமை முழுக்க மற்றவர்களுக்குத் தட்டு அடுக்குகிறவள், அன்று எங்களுக்காக ஒரு தட்டு வைத்தாள். கேக்கை வெட்டும் நேரத்தில் தபால் வந்தது. பெண்கள் கிராமர் பள்ளியிலிருந்து ஒரு கடிதம்.

எங்கள் வீட்டில் ஆங்கிலக் கடிதங்களைச் சத்தமாக வாசிப்பது மகள் டிலானி. பன்னிரண்டு வயது. அன்றும் மேடையில் நிற்பதுபோல எழுந்து நின்று தொடங்கினாள். இரண்டாவது வரியில் சத்தம் இறங்கியது. மூன்றாவது வரியில் நின்றது.

"என்னவாம் பிள்ளை?" என்றாள் றீற்றா.

"நேர்முகத்துக்குக் கூப்பிடேல்ல. வெயிட்டிங் லிஸ்டாம்." கடிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அப்பா, அவையளுக்கு என்ர பக்கம் பிடிக்கேல்ல."

விண்ணப்பத்தோடு ஒவ்வொரு பிள்ளையும் தன்னைப் பற்றித் தன் கையால் ஒரு பக்கம் எழுதி அனுப்பவேண்டும். டிலானி நாலு நாள் இருந்து எழுதினாள். அந்தப் பக்கத்தைப் பள்ளிக்கூடம் பார்க்கவே இல்லை. அந்த நேரம் அது என் வேலைப் பையில், சாப்பாட்டுப் பெட்டிக்கும் மழைக்கோட்டுக்கும் நடுவில் இருந்தது. விண்ணப்பத்தைத் தபாலில் போட்டவன் நான். அதை உள்ளே வைக்காமல் விட்டவனும் நான்தான்.

நான் கேக்கை வெட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

2

அந்தப் பள்ளிக்கூடம் எங்கள் கதைக்குள் எப்படி வந்தது என்று சொல்லவேண்டும்.

நாங்கள் இருப்பது ஓக்லாந்தின் தெற்கே, பாபடோயிட்டோயில். மூன்று வீடு தள்ளி மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அந்த வீட்டுக் கோமதி, றீற்றாவோடு ஒரே சமையற்கூடத்தில் வேலை. ஒருநாள் வாங்கிப்போன இடியப்ப உரலைத் திருப்பித் தர வந்தவர், நின்ற நிலையில் சொன்னார்:

"அண்ணே, டிலானிய எங்க பொண்ணு படிக்கிற ஸ்கூலுக்கு அப்ளை பண்ணுங்க. டவுன்ல இருக்கு, தூரந்தான். ஆனா நம்ம மாதிரி ஸ்கூல் எல்லைக்கு வெளிய இருக்கறவங்கள அவங்களே பாத்துத்தான் எடுப்பாங்க. சும்மா கெடைக்காது."

"மார்க்ஸ் பாத்தோ?" என்றாள் றீற்றா.

"மார்க் பாப்பாங்க. அதுக்கு மேல, பொண்ணு நல்லாப் பேசுதா, தானா ஏதாச்சும் செய்யுதான்னு பாப்பாங்க. உங்க டிலானிக்கு என்ன கொறை? வாய மூட வைக்கத்தான் ஆள் வேணும்."

இருவரும் சிரித்தார்கள். நான் உரலைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பேசுகிற பெண்ணைத் தேடி எடுக்கிற பள்ளிக்கூடம் உலகத்தில் இருக்கும் என்று நான் நம்பவில்லை. மார்க்ஸ்தான் காரியம் என்று சொல்லக் கூச்சப்பட்டுக் கோமதி ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு பள்ளியைப் பார்க்கவென்று பெற்றோரைக் கூப்பிட்ட ஒரு பின்னேரம் மூவரும் போனோம். மேட்டில் இருக்கும் பழைய செங்கல் கட்டடம். கடும் நீலச் சீருடை போட்ட ஒரு பெரிய பெண் எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். விஞ்ஞானக் கூடத்தில் மாட்டுக் கண் ஒன்றை வெட்டி வைத்திருந்தார்கள். டிலானி கேட்ட கேள்விகளுக்கு அந்தப் பெண் விடை தெரியாமல் ஆசிரியையைக் கூப்பிட்டாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. "காணும் பிள்ளை, மற்ற ஆக்களும் பாக்கட்டும்" என்றேன்.

கடைசியில் மண்டபத்தில் ஒரு விவாதம். வீட்டுப்பாடம் வேண்டுமா, வேண்டாமா என்று. பதினாலு வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை, முன்வரிசையில் இருந்த அதிபரை விரலால் காட்டி, "வீட்டுப்பாடம் நல்லதென்றால் நீங்கள் ஏன் மாலையில் உங்கள் வேலையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறீர்கள்?" என்று கேட்டது. மன்னாரில் என் அக்காமார் படித்த கன்னியர் மடப் பள்ளியில் பிள்ளைகள் வாயில் விரல் வைத்துக்கொண்டுதான் வரிசையில் நடப்பார்கள். இனி அந்தப் பிள்ளையின் கதி என்ன என்று நான் அதிபரைப் பார்த்தேன். அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். பிறகு எல்லோரிலும் பலமாகக் கைதட்டினார்.

டிலானி முன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள்.

ரயிலில் திரும்பி வரும்போது சொன்னாள்: "அப்பா, அடுத்த வருசம் அந்த மேடையில நான் நிப்பன்."

"முதல்ல இடம் கிடைக்கட்டும்" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் வேறு கதை கதைத்ததில்லை. வகுப்புச் சிநேகிதிகள் எல்லோரும் பக்கத்துப் பள்ளிக்குப் போகிறார்கள். அதுவும் நல்ல பள்ளிதான், நடந்து போகலாம். இவளுக்கு அது வேண்டாம். மேட்டில் இருக்கிறதுதான் வேண்டும்.

3

விண்ணப்பத்தில் மூன்று காரியம். இப்போது படிக்கும் இன்டர்மீடியட் பள்ளியின் அறிக்கை. அது நன்றாகத்தான் இருந்தது. அடுத்தது, பெற்றோர் தங்கள் மகளைப் பற்றி எழுதவேண்டிய சிறு குறிப்பு. மூன்றாவது மகளுடைய பக்கம்.

றீற்றா ஆங்கிலம் கதைப்பாள், எழுதமாட்டாள். நான் கதைக்கமாட்டேன், அகராதி வைத்து எழுதுவேன். ஆகவே பெற்றோர் குறிப்பு என் தலையில் விழுந்தது. இரண்டு நாள் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சொந்த மகளைப் பற்றி அந்நியருக்குப் புகழ்ந்து எழுத எனக்குக் கை வரவில்லை. மூன்றாம் நாள் கடவுச்சீட்டுகள் வைக்கும் பெட்டியைத் திறந்து, என்னுடைய நற்சான்றிதழை எடுத்தேன்.

நான் பள்ளியை விடும்போது அதிபர் தந்தது. மடித்து மடித்து நடுவில் ஓட்டை விழுந்துவிட்டது. "இவர் அமைதியானவர், அடக்கமானவர், மூத்தோர் சொற்கேட்டு நடப்பவர், எவ்விதக் குழப்பங்களிலும் ஈடுபடாதவர்" என்று எழுதியிருக்கிறது. என் வாழ்க்கையில் என்னைப் பற்றி யாராவது எழுத்தில் நல்லதாகச் சொன்னது அந்த நாலு சொல்தான்.

அந்தத் தாளில் எனக்கு இருக்கும் நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. இங்கே வருவதற்கு விசா பார்த்துக்கொண்டு கொழும்பில் ஒரு லொட்ஜில் இரண்டு மாதம் இருந்தோம். ஒருநாள் விடிய, சோதனைக்கு வந்தவர்கள் ஆண்கள் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தினார்கள். அடுத்த அறைக்காரர் ஓர் ஆசிரியர், மூன்று மொழியும் தெரிந்தவர். ஏன் நிறுத்துகிறீர்கள் என்று நியாயம் கேட்டார். அவரைக் கொண்டுபோனார்கள். நான் அடையாள அட்டையையும் நற்சான்றிதழின் ஆங்கிலப் பிரதியையும் நீட்டிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மத்தியானம் போகச் சொன்னார்கள், அந்தப் பிரதியைத் திருப்பித் தரவில்லை. ஆசிரியர் எப்போது திரும்பி வந்தார், வந்தாரா என்று எனக்குத் தெரியாது. அதற்குள் எங்களுக்கு விசா கிடைத்துவிட்டது.

ஆகவே அந்த நாலு சொல்லையும் அகராதி வைத்து, "இவர்" என்ற இடத்தில் "எங்கள் மகள்" என்று மாற்றி எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஒரு தகப்பன் தன் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய மிக நல்ல சொற்களைக் கொடுத்துவிட்டதாக எனக்குத் திருப்தி. மத்தியானத் தேநீர் நேரத்தில் வேலையிடத்தில் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அதன் பிறகுதான் டிலானியின் பக்கத்தை வாசித்தேன்.

"எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது" என்று தொடங்கியிருந்தாள். அவளுடைய பள்ளியில் குளிர்காலத்திலும் பெண் பிள்ளைகள் பாவாடைதான் போடவேண்டும். இவள் சென்ற ஜூன் மாதம் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போய், காற்சட்டை போட விடவேண்டும் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறாள். அதிபரின் அறைக்குள் போய் அரை மணித்தியாலம் கதைத்திருக்கிறாள். அதிபர் முதலில் மறுத்தாராம். இவள் அடுத்த நாள், குளிரில் விறைத்த முழங்கால்களோடு பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனாளாம். இப்போது அங்கே காற்சட்டை போடலாம்.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. காற்சட்டைக்கு அளவெடுக்க றீற்றா போனபோது பள்ளி விதி மாறிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். விதியை மாற்றியது என் வீட்டில் இருக்கிறது என்று தெரியாது.

"எவ்விதக் குழப்பங்களிலும் ஈடுபடாதவர்" என்று நான் எழுதியிருக்கிறேன். அடுத்த தாளில் மகள் தான் செய்த குழப்பத்தை வரிவரியாக எழுதியிருக்கிறாள். இரண்டும் ஒரே உறைக்குள் போகமுடியாது என்று எனக்குப் பட்டது. நான் அவளுடைய பக்கத்தை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தேன். ஆனால் உறைக்குள் ஏதாவது அவள் கையால் எழுதியது இருக்கவேண்டுமே. அவளுடைய பழைய கொப்பிகளுக்குள் ரங்கிட்டோட்டோ எரிமலையைப் பற்றிய ஒரு கட்டுரை இருந்தது. முத்து முத்தான எழுத்து, ஒரு வெட்டுத் திருத்தம் இல்லை. எங்கள் ஊரில் கையெழுத்தைப் பார்த்தே பிள்ளையை மதிப்பார்கள். அதை வைத்து ஒட்டித் தபாலில் போட்டேன்.

4

என் வேலை விரி என்ற இடத்தில், ஒரு பண்டகசாலையில். கொள்கலன்களில் வந்திறங்கும் பெட்டிகளைப் பலகைத் தட்டுகளில் அடுக்கி, பொலித்தீன் சுற்றி, வேறு லொறிகளுக்கு அனுப்பவேண்டும். காலை ஏழிலிருந்து மூன்றரை. எங்கள் போர்மன் சமோவாக்காரர், நல்ல மனிதர். என்னைச் 'சேர்ச்' என்று கூப்பிடுவார். திங்கட்கிழமை மாதா கோயில்போல அவ்வளவு அமைதியாம். நாலு வருடமாக நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கடிதம் வந்த பிறகு வீட்டில் இன்னொரு சேர்ச் உண்டாகிவிட்டது.

டிலானி கோபிக்கவில்லை, அழவில்லை. வாயை மூடிவிட்டாள். பள்ளியால் வந்தால் "பசிக்குது" என்பாள், சாப்பிட்டால் "காணும்" என்பாள். முன்பெல்லாம் சாப்பாட்டு மேசையில் அவளை நிறுத்துவதற்கே பாதி நேரம் போகும். ஆசிரியர் சொன்னது, பேருந்துச் சாரதி சொன்னது, தான் திருப்பிச் சொன்னது என்று பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாகக் கொட்டுவாள். "கொஞ்சம் அமைதியாச் சாப்பிடு பிள்ளை" என்று நான் சொல்லாத நாள் இல்லை. இப்போது கரண்டிச் சத்தம் கேட்கிறது. சொன்னதைச் செய்கிறாள். எதிர்த்து ஒரு சொல் இல்லை. நான் கையெழுத்து வைத்து அனுப்பிய பிள்ளை அப்படியே வந்து எனக்கு முன்னால் இருந்தது.

"இஞ்சேருங்கோ, பிள்ளைக்கு என்ன நடந்தது? இடம் கிடைக்காட்டி இப்பிடியே இருக்கிறது?" என்று றீற்றா கேட்டாள்.

"சரியாகிடும்" என்றேன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பையை வேலைக்குக் கொண்டுபோவதும் திருப்பிக் கொண்டுவருவதுமாக இருந்தேன். பக்கத்தைக் கிழித்துப் போட மனம் வரவில்லை. எடுத்துக் கொடுக்கவும் தைரியம் வரவில்லை.

இரண்டாம் கிழமை சுடுதண்ணீர்த் தொட்டி ஒழுகத் தொடங்கியது. அலுமாரிக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்தது. வாளி வைத்தோம். வாடகை வீடு, வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுக்கவேண்டும்.

"டிலானி, ஒருக்கா அவருக்கு ஃபோன் எடம்மா."

அவள் கொப்பியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீங்களே எடுங்கோ அப்பா. எனக்கு வடிவாக் கதைக்கத் தெரியாது. அதுதான் அவையள் என்னை எடுக்கேல்ல."

நான் எடுத்தேன். வீட்டுக்காரர் "ஹலோ" என்றார். நான் "ஒழுகுது" என்பதற்கு ஆங்கிலம் தேடிக்கொண்டிருந்தபோது அவர் இன்னும் இரண்டு முறை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வாளி நிரம்பியது. ஊற்றிவிட்டு மறுபடி வைத்தேன்.

5

இதுவரை எழுதியதை வாசித்துப் பார்த்தேன். குழப்பக்காரப் பிள்ளை என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் பக்கத்தை மறைத்ததாக எழுதியிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் முழுவதும் அதுவும் இல்லை. அந்தப் பக்கத்தின் கடைசிப் பந்தியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

கடைசிப் பந்தியில் டிலானி இப்படி எழுதியிருந்தாள்: "என் அப்பாவுக்கு அந்நியரோடு கதைக்கக் கூச்சம். அதனால் எனக்கு ஒன்பது வயதிலிருந்து மின்சாரக் கம்பெனிக்கும் வங்கிக்கும் வீட்டுக்காரருக்கும் நான்தான் தொலைபேசி எடுக்கிறேன். கணக்கு அப்பாவின் பெயரில் இருப்பதால் என் குரலைத் தடிப்பாக்கி, 'நான் மிஸ்டர் சூசைப்பிள்ளை' என்று சொல்வேன். ஒருமுறைகூடப் பிடிபடவில்லை."

அது உண்மை. முதல் தடவை மின்சாரம் வெட்டப்போவதாகக் கடிதம் வந்தபோது, அவள் ஒரு வாங்கின்மேல் ஏறி நின்று சுவர்த் தொலைபேசியில் கதைத்தாள். நான் பக்கத்தில் நின்று வாங்கைப் பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து அப்படித்தான். நாங்கள் நாட்டில் இருக்கலாம் என்று சொல்லும் அலுவலகத்துக்கும் அவள்தான் எடுத்தாள். வீட்டுக்குள் "அமைதியா இரு" என்று சொல்லிக்கொண்டு, வெளியே அவள் வாயை வைத்துத்தான் நான் இந்த நாட்டில் சீவிக்கிறேன்.

அதை முன்பின் தெரியாத ஓர் அலுவலகத்தில், யாரோ ஒரு பெண் வாசிப்பாள் என்று நினைத்தபோது எனக்கு வேர்த்தது. அதுதான் காரணம். பாவாடையும் காற்சட்டையும் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சாட்டு.

மூன்றாம் கிழமைப் புதன்கிழமை, பள்ளியின் கடிதம் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் இருந்ததைக் கண்டேன். டிலானி மூன்றாவது வரியோடு நிறுத்தியது. அதற்குப் பிறகு யாரும் வாசிக்கவில்லை. வாசிக்கிற ஆள் வாசிக்காவிட்டால் எங்கள் வீட்டில் கடிதம் முடிந்தது என்றுதான் அர்த்தம். நான் அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசித்தேன். காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்கள் மேலதிகமாக ஏதாவது தர விரும்பினால் இந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள் தரலாம் என்று கீழே இருந்தது.

6

வியாழக்கிழமை போர்மனிடம் போய் மத்தியானத்தோடு வீட்டுக்குப் போகவேண்டும் என்றேன். "சேர்ச் வாய் திறக்கிறதென்றால் பெரிய விசயமாகத்தான் இருக்கும், போ" என்றார்.

வேலைச் சப்பாத்தோடு ரயில் ஏறினேன். வழி முழுக்க ஆங்கிலத்தில் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். எதிரே இருந்த கிழவி இடம் மாறிப் போய் இருந்தார்.

பள்ளி வாசலில் மணி அடித்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் வெளியே வந்தார்கள். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு பக்கம் மவோரிப் பிள்ளைகளோடு சேர்ந்து எல்லா நிறத்துப் பிள்ளைகளும் நிலத்தில் காலை ஓங்கி மிதித்துப் பாடிப் பழகினார்கள். படிக்கட்டில் இரண்டு பேர் ஏதோ கணக்கைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு பிள்ளை தரையில் இருந்து செலோ வாசித்தது. ஒருத்தி ஓடிவந்து என்மேல் மோதி, "சொறி!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். ஒருவரும் அவர்களை அடக்கவில்லை. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். டிலானியை அந்தக் கூட்டத்துக்குள் வைத்துப் பார்த்தேன். வீட்டில்தான் அவள் சத்தம் அதிகமாகக் கேட்கிறது. இங்கே அவள் ஒரு சாதாரணப் பிள்ளை.

சேர்க்கைக்குப் பொறுப்பானவர் என் வயதுப் பெண். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் விட்டிருந்தார். நான் நின்றுகொண்டே பக்கத்தை மேசையில் வைத்தேன். ரயிலில் பாடமாக்கியது எல்லாம் போய்விட்டது.

"இது என் மகளுடையது" என்றேன். "நான் அனுப்பவில்லை. நான் எரிமலையை அனுப்பினேன்."

அவர் என்னை இருக்கச் சொன்னார். கோப்பைத் தேடி எடுத்தார். ரங்கிட்டோட்டோவைக் கண்டதும், "ஓ, நீங்களா?" என்றார். அந்தக் கட்டுரை அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

பிறகு கேட்டார்: "நீங்கள் இங்கே வந்தது மகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இது உங்களிடம் இருப்பது?"

"தெரியாது."

தாளைத் திறந்து பார்க்கவும் இல்லை. மடித்தபடியே என் பக்கம் தள்ளினார். "அப்படியென்றால் இதை நான் உங்களிடமிருந்து வாங்கக்கூடாது, மிஸ்டர் சூசைப்பிள்ளை. இது அவளுடையது. நாளை நாலு மணிவரை நான் இங்கேதான் இருப்பேன். அவள் கொண்டுவந்து தரட்டும்."

நான் எழுந்தேன். அவர் கோப்பிலிருந்த பெற்றோர் குறிப்பில் விரலை வைத்தார்.

"ஒன்று மட்டும் கேட்கலாமா? அமைதியானவர், அடக்கமானவர், குழப்பங்களில் ஈடுபடாதவர். இது உங்கள் மகளா?"

"இல்லை" என்றேன். "அது நான்."

அவர் சிரிக்கவில்லை. தாளை இன்னொரு தடவை வாசித்தார். "நல்ல மனிதராக இருக்கிறார்" என்றார்.

7

நான் வீட்டுக்கு வந்தபோது டிலானி சமையலறை மேசையில் படித்துக்கொண்டிருந்தாள். றீற்றா வேலையால் வந்து வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் சப்பாத்தைக் கழற்றாமலே போய்ப் பக்கத்தை டிலானியின் கொப்பிக்கு மேல் வைத்தேன்.

அவள் தன் எழுத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னப்பா அது?" என்றாள் றீற்றா.

"பிள்ளையின்ர பக்கம். நான் அனுப்பேல்ல. என்ர பையுக்க இருந்தது." ரயிலில் ஆங்கிலத்தில் பாடமாக்கியதைவிட இது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கவில்லை.

"அப்ப என்னத்தை அனுப்பினனீங்கள்?" என்று டிலானி கேட்டாள்.

"ரங்கிட்டோட்டோக் கட்டுரை."

"ஏன்?"

"கையெழுத்து வடிவா இருந்தது."

"அப்பா!" கதிரை பின்னால் விழுந்தது. "அவையள் எரிமலைக்கு இடம் குடுக்கப் போகினமோ?"

றீற்றா கத்தியை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பினாள். தோள் குலுங்கியது. வெங்காயத்தாலா சிரிப்பாலா என்று தெரியவில்லை. டிலானி சிரிக்கவில்லை.

"மூண்டு கிழமை! மூண்டு கிழமையா எனக்கு எழுதத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்! தெரியுமோ உங்களுக்கு?"

"ஓம்."

"தெரிஞ்சும் பேசாம இருந்தனீங்களோ?"

"ஓம்."

அதற்குப் பிறகு ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள். வேகமாகக் கத்தினாள். பாதி விளங்கவில்லை. கள்ளம் என்பது விளங்கியது. நீதி என்பது விளங்கியது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். நான் மறிக்கவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கிறேன். நின்று கேட்டேன்.

மூச்சு வாங்க அவள் நிறுத்திய இடத்தில் சொன்னேன்: "கடைசிப் பந்திதான் பிள்ளை. அந்த ஃபோன் விசயம். எனக்கு வெக்கமாப் போச்சு."

அவள் பக்கத்தை எடுத்து அந்த இடத்தைப் பார்த்தாள். "உங்களை நக்கலடிக்கவோ எழுதினனான்? எனக்கு அது பெருமை அப்பா. அதாலதான் எழுதினனான்."

நான் விழுந்து கிடந்த கதிரையைத் தூக்கி நிமிர்த்தினேன்.

"இனி உங்கட பேரில நான் எடுக்கமாட்டன்" என்றாள். பக்கத்தையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். சுவரில் இருந்த மாதா படம் ஆடியது. றீற்றா அதை நேராக்கிவிட்டு, "செய்யிறதையும் செய்துபோட்டு நிக்கிறார்" என்றாள். பிறகு எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மழை. றீற்றா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மகளோடு ரயிலில் போனாள். என்னை வரவேண்டாம் என்று டிலானி சொல்லிவிட்டாள். பக்கத்தின் அடியில் அவள் ஏதோ புதிதாக எழுதிச் சேர்த்திருந்தாள். அதை நான் வாசிக்கவில்லை. அலுவலகத்தில் அதை வாங்கித் திகதி முத்திரை குத்தி வைத்தார்களாம். முடிவு கடிதத்தில் வருமாம். நான் வழமைபோல விரியில் மூன்றரை மணிவரை வேலை செய்தேன். நான் வீட்டுக்கு வந்தபோது டிலானி வீட்டுக்காரரோடு தொலைபேசியில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை தொட்டியைத் திருத்த ஆள் அனுப்புவதாக அவர் ஒப்புக்கொண்டார். யார் பேசுவது என்று அவர் கேட்டிருக்கவேண்டும். அவள் தன்னுடைய பெயரைச் சொன்னாள்.